மீன் தீனில் அமிலம்: திலாப்பியாவுக்கு ஒரு கணக்கு, கெண்டைக்கு வேறு கணக்கு

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் வாசிப்பார்கள். நீங்கள் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில். ஹங்வெல்லப் பக்கம் குடும்பக் காணியில் 40 பேர்ச் அளவில் இரண்டு மண் குளங்கள். ஒன்றில் திலாப்பியா, அதற்குக் கடையில் வாங்கும் மிதக்கும் தீன். மற்றதில் ரோகு, கட்லா, மிரிகால். அவற்றுக்குத் தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, சோயாத் தூள், கொஞ்சம் மீன்தூள் சேர்த்து நீங்களே தீன் செய்கிறீர்கள். ஒரு விற்பனையாளர் வந்து ஓர் அமிலக் கலவையைக் காட்டி, இதைத் தீனில் கலந்தால் மீன் வேகமாக வளரும், நோய் வராது என்று சொல்லியிருக்கிறார். அது உண்மையா, குளத்துத் தண்ணீர் கெட்டுவிடாதா, அதற்குப் பதில் வினாகிரி ஊற்றினால் என்ன, பக்கத்துக் காணியில் றப்பர் பால் உறைய வைக்கும் அசிட்டைப் பாவிக்கலாமா, மீனைச் சாப்பிடுகிறவர்களுக்கு ஏதும் ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விற்பனையாளர் முழுப் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு குளத்துக்கும் ஒரே சாமானை விற்கப் பார்த்திருக்கிறார், பிழை அங்கேதான். திலாப்பியாவுக்கு அமிலம் சுரக்கும் இரைப்பை இருக்கிறது. ரோகு, கட்லா, மிரிகால் எல்லாம் கெண்டைக் குடும்பம். அவற்றுக்கு இரைப்பையே கிடையாது. வாயில் போன தீன் நேரே குடலுக்குப் போகிறது. தீனில் கலக்கும் அமிலம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதில் பாதி இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கிவிடும்.

முதலில் அந்த அமிலங்கள் எவை என்று பார்ப்போம். போமிக், அசற்றிக், புரொப்பியோனிக், பியூட்டிரிக், லக்டிக், சிற்றிக் என்ற பெயர்கள் லேபிளில் இருக்கும். சில சாமான்களில் அமிலமாக இல்லாமல் உப்பாக இருக்கும்: கல்சியம் போமேற், பொட்டாசியம் டைபோமேற், கல்சியம் புரொப்பியோனேற், சோடியம் பியூட்டிரேற். இவை ஒன்றும் புதினமில்லை. அசற்றிக் வினாகிரியில் இருக்கிறது, லக்டிக் தயிரில் இருக்கிறது, சிற்றிக் தேசிக்காயில் இருக்கிறது. கால்நடைத் தீனில் இவற்றின் மவுசு கூடியதற்குக் காரணம் ஐரோப்பா. வளர்ச்சிக்காக அன்டிபயோட்டிக்கைத் தீனில் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் முற்றாக நிறுத்தியது. அதற்கு முன்பே, 2001இல், பன்றித் தீனுக்குப் பொட்டாசியம் டைபோமேற் அங்கே அனுமதி பெற்றிருந்தது. பன்றிக்கும் கோழிக்கும் போன சாமான் பிறகு மீனுக்கும் வந்தது. இதை நினைவில் வையுங்கள். விற்பனையாளர் காட்டும் பளபளப்பான தாளில் உள்ள கணக்குகளில் பல நிலத்து விலங்குகளின் வயிற்றைப் பார்த்துப் போட்டவை.

இனி வேலை செய்யும் விதம். அம்புல் தியல் என்ற புளி மீன்கறி சமைப்பதைப் பார்த்திருப்பீர்கள். புளிப்புக் கொறக்காயை அரைத்து மீனில் பூசி வற்றவிட்டால், குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்திலேயே நாட்கணக்கில் தாங்கும். புளிப்பில் பற்றீரியா பெருகாது என்பது எங்கள் ஊர்ச் சட்டிகளுக்கு எப்போதோ தெரிந்த விஷயம். ஆனால் வெறும் புளிப்பு மட்டும் காரணமில்லை. கந்தக அமிலம், ஐதரோகுளோரிக் அமிலம் போன்ற கடும் அமிலங்கள் தண்ணீரில் விழுந்தவுடன் முற்றாகப் பிரிந்துவிடும். பிரிந்த துண்டு பற்றீரியாவின் சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. மேலே பெயர் சொன்ன அமிலங்கள் (சேதன அமிலங்கள்) பாதி பிரிந்தும் பாதி பிரியாமலும் இருக்கும். பிரியாத பாதிதான் ஆபத்தான ஆள். வாசலில் சண்டை பிடிக்காமல் விருந்தாளி மாதிரி உள்ளே போய், போனபிறகு கத்தியை எடுக்கிற கதை. உள்ளே பிஎச் (புளிப்பைக் காட்டும் எண்: 7 நடுநிலை, குறையக் குறையப் புளிப்பு) 7 அளவில் இருப்பதால் அங்கே பிரிந்து அமிலத்தைக் கொட்டும். பற்றீரியா அதை வெளியே தள்ளித் தள்ளியே களைத்துப் போகும், ஓட்டைத் தோணியில் தண்ணீர் இறைப்பது மாதிரி. ஏரோமோனாஸ், விப்ரியோ, சல்மொனெல்லா போன்ற, நோய் தரக்கூடிய கிராம்-நெகட்டிவ் பற்றீரியா வகைகளுக்கு இந்த அடி பலமாக விழும். லக்டிக் அமில பற்றீரியாக்கள் தங்கள் உட்புறம் கொஞ்சம் புளித்தாலும் தாங்கிக்கொள்வதால் பெரும்பாலும் தப்பிவிடும்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அமிலம் பிரியாமல் இருப்பதற்குச் சுற்றுப்புறம் புளிப்பாக இருக்க வேண்டும். போமிக் அமிலம் பிஎச் 3.75இல் பாதிக்குப் பாதி பிரியாமல் இருக்கும். பிஎச் 7இல் ஆயிரத்தில் ஒரு பங்குகூட பிரியாமல் மிஞ்சாது. கெண்டை மீனின் குடல் தலை முதல் வால் வரை நடுநிலை அல்லது கொஞ்சம் காரம். அங்கே போய்ச் சேரும் வெறும் அமிலத்துக்குப் பற்றீரியாவை அடிக்கும் பலம் பெரிதாக இருக்காது. திலாப்பியாவில் நிலைமை தலைகீழ். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு எல்லா வாவிகளையும் பிடித்துக்கொண்ட மீன் அது. அந்த வெற்றிக்கு ஒரு காரணம் அதன் இரைப்பை. தீன் நிறைந்திருக்கும்போது பிஎச் 2க்கும் கீழே போகக்கூடிய அமிலம் அதில் சுரக்கிறது. நீலப்பச்சைப் பாசியின் சுவரையே அது உடைத்துவிடும். அப்படிப்பட்ட வயிற்றுக்கு நீங்கள் கிலோ தீனுக்கு மூன்று கிராம் அமிலம் கொடுத்து எவ்வளவு புளிக்க வைக்கப் போகிறீர்கள்?

அதற்காகத் திலாப்பியாவில் பலனே இல்லை என்று சொல்லவில்லை. பொட்டாசியம் டைபோமேற் கலந்த தீனால் வளர்ச்சி கூடியது, நோய்க்கிருமி ஏற்றியபோது இறப்புக் குறைந்தது என்று காட்டிய சோதனைகள் உண்டு. ஒரு வித்தியாசமும் இல்லை என்று முடிந்த சோதனைகளும் உண்டு. சுத்தமான தொட்டி, நல்ல தீன், நெருக்கம் குறைந்த மீன் என்றால் அமிலத்துக்குச் செய்வதற்கு வேலை இல்லை. நெருக்கம், அழுக்கு, மலிவான தாவரத் தீன், சிறு குஞ்சுகள் என்றால் வேலை இருக்கிறது. குஞ்சுகளின் வயிறு இன்னும் முதிரவில்லை, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை சாப்பிடுவதால் வயிறு புளிக்க நேரமும் கிடைப்பதில்லை. திலாப்பியாவில் செலவழிப்பதென்றால் முதல் ஆறு முதல் எட்டுக் கிழமைகளில் செலவழியுங்கள். கால் கிலோ மீனுக்குக் கொடுப்பது எனக்கு வீண் செலவாகத்தான் படுகிறது.

கெண்டைக் குளத்தில் வேறொரு நன்மை இருக்கிறது, விற்பனையாளர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை போலிருக்கிறது. பொஸ்பரஸ்தான் அது. சோயா, தவிடு போன்ற தாவரப் பொருட்களில் உள்ள பொஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைற்றேற் என்ற பூட்டுக்குள் இருக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் நொதியம் மீனிடம் இல்லை. மீன்தூளில் உள்ள பொஸ்பரஸ் எலும்பாக இருக்கிறது, எலும்பைக் கரைக்க அமிலம் வேண்டும், கெண்டைக்கோ அமிலம் சுரக்கும் இரைப்பை இல்லை. ஆகவே இரண்டு பக்கமும் நட்டம். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொஸ்பரஸ் மீனின் பின்பக்கத்தால் வெளியேறிக் குளத்துக்குப் போகிறது, அங்கே பாசியை வளர்க்கிறது. காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? பாசி இரவில் ஒட்சிசனை எடுத்துவிடுவதால் வருவது அது. அந்தப் பச்சைத் தண்ணீருக்குத் தீனும் ஒரு காரணம். சிற்றிக் அமிலம் கல்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் எலும்பும் பைற்றேற்றும் கொஞ்சம் தளர்ந்து கொடுக்கின்றன. பைற்றேஸ் என்ற நொதியத்தையும் கூடவே சேர்த்தால், அது புளிப்பான இடத்தில் நன்றாக வேலை செய்யும் ஆள் என்பதால், இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. சோதனைகளில் இதற்குச் சிற்றிக் அமிலம் கிலோ தீனுக்கு 10 முதல் 30 கிராம் வரை போட்டிருக்கிறார்கள். கிலோவுக்கு 2, 3 கிராம் போடும் போமேற்றோடு பார்த்தால் இது பல மடங்கு. நீங்கள் 10 கிராமில் தொடங்குங்கள். கூடப் போட்டால் கூடப் பலன் என்று நினைக்க வேண்டாம். ஓர் அளவுக்கு மேல் மீன் தீனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

குளத்துத் தண்ணீர் புளிக்குமா என்ற பயத்தைக் கணக்கால் தீர்ப்போம். உங்கள் 40 பேர்ச் குளம் ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர். சராசரி ஆழம் ஒரு மீற்றர் என்றால் 1,000 கன மீற்றர் தண்ணீர். அதில் 300 கிலோ மீன் இருக்கிறது, உடல் நிறையில் 3 வீதம் தீன் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 9 கிலோ. கிலோவுக்கு 3 கிராம் அமிலம் என்றால் 27 கிராம். அந்த 27 கிராமையும் மீன் தொடாமல் அப்படியே தண்ணீரில் கரைந்தாலும், லீற்றருக்கு 0.03 மில்லிகிராம்கூட வராது. தண்ணீரின் காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கும் சக்தி, லீற்றருக்கு 20 மில்லிகிராம்தான் என்றாலும் முழுக் குளத்திலும் 20 கிலோ சுண்ணாம்புக்குச் சமமான தாங்குசக்தி இருக்கிறது. 27 கிராம் எங்கே, 20 கிலோ எங்கே! அதோடு இந்த அமிலங்களை மீனும் குளத்துப் பற்றீரியாவும் சாப்பாடாக எரித்துக் காபனீரொட்சைட்டாக்கிவிடும்.

ஆனால் உங்கள் குளத்துத் தண்ணீர் புளிப்பாக இருக்கக்கூடும். அதற்கும் தீனுக்கும் சம்பந்தமில்லை. கொழும்பு, கம்பஹா, களுத்துறை எல்லாம் ஈர வலயம். மழை கழுவிக் கழுவி மண்ணில் சுண்ணாம்புச் சத்து குறைந்துவிட்டது. இங்கே கிணற்றுத் தண்ணீரின் காரத்தன்மையே பல இடங்களில் 20க்குக் கீழே நிற்கும். முத்துராஜவெல சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குளம் தோண்டுகிறவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம்: அந்தச் சேற்றில் கந்தகம் இருக்கிறது, வெட்டிப் போட்ட மண் காய்ந்து காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாக மாறும், முதல் மழையோடு அது குளத்துக்குள் இறங்கும். அந்த அமிலம் வேறு, தீனில் போடும் அமிலம் வேறு. எனக்குத் தெரிந்த ஒருவர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, மீன் செத்ததும் தீனைக் குற்றம் சொல்லித் தீனை மாற்றினார், மீன் தொடர்ந்து செத்தது. கடைசியில் சுண்ணாம்பு போட்டுத்தான் நின்றது. இன்னொருவர் அதற்கு மேலே போய், தீனில் கலக்க வாங்கிய அமிலத் திரவத்தைக் குளத்திலேயே ஊற்றினார், "தண்ணீரில் உள்ள கிருமியும் சாகட்டுமே" என்று. மேலே போட்ட கணக்கைப் பாருங்கள்: கிருமி சாகும் அளவுக்கு ஊற்றுவதென்றால் மீனும் மிஞ்சாது. அவர் ஊற்றிய அளவுக்கு இரண்டுமே சாகவில்லை, காசு மட்டும் கரைந்தது.

இனி, எனக்கு அமிலத்தில் உண்மையான மரியாதை வந்த இடத்தைச் சொல்கிறேன். அது மீனின் வயிறு இல்லை, தீன் மூட்டை. சில வருடங்களுக்கு முன் வத்தளையில் ஓர் அறையில் தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும் அடுக்கி வைத்திருந்தேன். ஒக்டோபர் மழை. மூட்டைகள் சுவரில் சாய்ந்திருந்தன, கீழே பலகை போடவில்லை. மூன்றாம் கிழமை கையை விட்டால் உள்ளே சூடு, கட்டி கட்டியாகச் சாம்பல் பச்சை. வெயிலில் காய வைத்துப் போட்டுவிட்டேன், எறிய மனம் வரவில்லை. ஒரு மாதத்தில் மீன்கள் தீனுக்கு வருவது குறைந்தது. வெட்டிப் பார்த்தால் ஈரல் வெளிறி மஞ்சளாக இருந்தது. ஆய்வுகூடத்தில் காட்டவில்லை, ஆனால் அஃப்ளாடொக்சின் என்றே இன்றும் நினைக்கிறேன். புண்ணாக்கு அதற்குப் பெயர்போன பொருள். அந்த நஞ்சை வெயில் அழிக்காது, அவித்தாலும் பெரிதாகப் போகாது, அமிலம் ஊற்றினாலும் போகாது.

பூஞ்சணம் பிடிப்பதற்கு முன்பே தடுப்பதுதான் வழி. அந்த வேலைக்குப் புரொப்பியோனிக் அமிலமோ கல்சியம் புரொப்பியோனேற்றோதான் சரியான ஆள். பாண் பேக்கரிகளில் பூஞ்சணம் பிடிக்காமல் போடுவதும் அதையேதான். கிலோ தீனுக்கு 2 முதல் 3 கிராம் போதும், ஆனால் தீனின் ஈரம் 12 வீதத்துக்கு மேல் போகாமல் காய்ந்திருக்க வேண்டும். ஈரத் தீனுக்கு அமிலம் குடை மாதிரி, கூரை மாதிரி இல்லை. உங்கள் வீட்டுத் தீனைப் பொறுத்தவரை, கொழும்பின் ஈரக்காற்றில், அமிலத்துக்குச் செலவழிக்கும் முதல் ரூபா இங்கேதான் போக வேண்டும். இதில் இரைப்பை இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே எழாது. வேலை முடிவது மூட்டைக்குள்.

வினாகிரிக்கு வருவோம். கடையில் வாங்கும் வினாகிரியில் அசற்றிக் அமிலம் 4 வீத அளவில் இருக்கும். ஒரு கிலோ தீனுக்கு 3 கிராம் அமிலம் சேர்க்க 75 மில்லிலீற்றர் ஊற்ற வேண்டும். அவ்வளவு ஊற்றினால் தீன் ஊறிப்போகும். ஊறிய தீனைக் காய வைத்தால் அசற்றிக் அமிலம் ஆவியாகிப் போகும், முற்றம் முழுக்க அச்சாறு வாசம் அடிக்கும், தீனில் மிஞ்சுவது கொஞ்சம். காயவிடாமல் வைத்தால் பூஞ்சணத்துக்கு நீங்களே பாய் விரித்த மாதிரி. போட்ட உடனே மீன் சாப்பிடும் அளவுக்குச் சிறிய அளவில், தொட்டியில் நிற்கும் குஞ்சுகளுக்குச் செய்து பார்க்கலாம். 9 கிலோ தீனுக்கு இது சரிவராது. வினாகிரி வாங்கும் காசுக்குச் சிற்றிக் அமிலம் வாங்கலாம். கேக் சாமான் விற்கும் கடைகளில் தூளாகக் கிடைக்கும், ஆவியாகாது, கை எரியாது.

றப்பர் அசிட் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். தோட்டங்களில் பாலை உறைய வைக்கப் பாவிப்பது பெரும்பாலும் போமிக் அமிலம்தான், அந்த வகையில் உங்கள் ஊகம் பிழையில்லை. ஆனால் அந்தக் கலனில் இருப்பது தொழிற்சாலைத் தரம். அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தீனுக்காக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். 85 வீதச் செறிவில் தோலில் பட்டால் வெந்துபோகும், கண்ணில் பட்டால் பார்வை போகலாம், மூடியைத் திறந்தாலே மூச்சடைக்கும். கிலோவுக்கு 3 கிராம் என்றால் 3 மில்லிலீற்றர் அளவுதான். கையால் கிளறிக் கலக்கும் தீனில் அந்தச் சொட்டு ஒரு மூலையில் குவிந்தால் ஒரு மீனுக்கு அளவுக்கு மேல், மற்ற மீனுக்கு ஒன்றுமில்லை. தகர வாளியையும் கலக்கும் இயந்திரத்தையும் தின்றுவிடும். போமிக் வேண்டுமென்றால் உப்பாக வாங்குங்கள். தூள், மணம் குறைவு, சூட்டைத் தாங்கும், வீட்டில் வைக்கலாம். எப்போதாவது திரவ அமிலத்தைக் கையாள நேர்ந்தால் கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல.

செறிந்த போமிக் அமிலத்துக்கு மீன் தொழிலில் நல்ல இடம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பேலியகொடை மீன் சந்தையில் வெட்டி எறியும் தலை, குடல், செதிலை அரைத்து, நிறையில் 3 வீத அளவுக்கு அமிலம் சேர்த்துப் பிஎச் 4க்குக் கீழே வைத்தால், மீனின் சொந்த நொதியங்களே அதைச் சில நாட்களில் கூழாக்கிவிடும். கெடாமல் மாதக்கணக்கில் நிற்கும், மீன்தூளுக்குப் பதிலாகத் தீனில் சேர்க்கலாம். அதைப் பற்றி எழுதப் போனால் இன்னொரு பதில் வேண்டும். பிளாஸ்டிக் பீப்பாயும் பிஎச் தாளும் இல்லாமல் தொடங்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சரி, கலக்கும் விதம். கெண்டைத் தீனை நீங்களே செய்வதால் வேலை சுலபம். சிற்றிக் தூளையும் புரொப்பியோனேற்றையும் முதலில் அரைக் கிலோ தவிட்டில் நன்றாகக் கலந்து, அந்தத் தவிட்டை மொத்தத் தீனோடு சேருங்கள். நேரே மொத்தத்தில் தூவினால் சமமாகப் பரவாது. கல்சியத்துக்காகச் சுண்ணாம்புத் தூளோ சிப்பித் தூளோ தீனில் சேர்க்கிறீர்கள் என்றால் நிறுத்துங்கள், அது அமிலத்தை வயிற்றுக்குப் போகுமுன்பே விழுங்கிவிடும். மீன்தூளும் அதே வேலையைக் கொஞ்சம் செய்யும், ஆனால் அதை நிறுத்த முடியாது. திலாப்பியாவின் மிதக்கும் தீனுக்கு வெளியில் பூச வேண்டும்: கிலோவுக்கு 2 அல்லது 3 கிராம் போமேற் உப்பைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, மேலே 10 முதல் 20 மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெய் விட்டுப் புரட்டுங்கள். எண்ணெய் இல்லாவிட்டால் தண்ணீரில் விழுந்த சில நிமிடங்களில் பூசியதில் பெரும்பகுதி கழுவிப் போய்விடும். திலாப்பியா பாய்ந்து விழுங்குவதால் பூசிய தீன் அதற்குச் சரிவரும். அடியில் மெதுவாகத் துளாவித் தின்னும் மிரிகாலுக்குச் சரிவராது. பூசிய தீனை அன்றன்றே முடித்துவிடுங்கள்.

பியூட்டிரேற் பற்றி இரண்டு வரி. அது கிருமியைக் கொல்வதைவிடக் குடல் சுவரின் கலங்களுக்கு எரிபொருளாகப் போகும் வகை. கொழுப்புக் கவசம் பூசியது என்றால் குடல்வரை போய்ச் சேரும், ஆகவே கெண்டைக்கும் பொருந்தும். நாற்றம் தாங்க முடியாது, விலையும் கூட. சோயா அதிகமாகப் போடும் பெரிய பண்ணைகள் யோசிக்கலாம், உங்கள் அளவுக்கு இப்போது வேண்டாம்.

சாப்பிடுகிறவர்களைப் பற்றிய பயம் தேவையில்லை. தீன் தரத்தில் வாங்கிச் சரியான அளவில் போட்டால் இந்த அமிலங்கள் மீனின் உடலில் எரிந்து சக்தியாகப் போகின்றன, அன்டிபயோட்டிக் மாதிரிச் சதையில் தங்குவதில்லை. ஆனால் சில மலிவான "அமில" பக்கற்றுகளில் வேறு மருந்து ஒளிந்திருக்கக்கூடும். லேபிளில் எந்த அமிலம், எத்தனை வீதம் என்று எழுதியில்லாத சாமானை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

எதற்கு அமிலம் உதவாது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்காகத்தான் ஆட்கள் காசை இறைக்கிறார்கள். மீன் பேன், செவுள் புழு, வைரஸ் ஒன்றுக்கும் உதவாது. காயத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிட்ட மீனுக்கும் உதவாது, தீனையே தொடாத மீனுக்குத் தீன் வழியாக எதைக் கொடுப்பது? அமோனியாவுக்கும் உதவாது. பாசி நிறைந்த குளத்தில் பின்னேரம் பிஎச் 9க்கு ஏறும்போது, 28 பாகைச் சூட்டில், தண்ணீரில் உள்ள மொத்த அமோனியாவில் 40 வீதம் நச்சு வடிவத்துக்கு மாறிவிடும். பிஎச் 7இல் அது ஒரு வீதம்கூட இல்லை. அதைக் குறைப்பதற்குத் தீனைக் குறைக்க வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும். அப்புறம், திலாப்பியாவில் சேற்று மணம் அடிக்கிறது, கடல் மீன் தின்று பழகிய வெள்ளவத்தை ஆட்கள் வாங்க மாட்டோம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த மணம் ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது, தீன் அமிலம் அதைத் தொடாது. பிடித்த மீனைச் சுத்தமான ஓடும் தண்ணீரில் தீன் போடாமல் சில நாள் விட்டால் குறையும். சமைக்கும்போது தேசிக்காயோ கொறக்காயோ பழப்புளியோ பூசினால் மணம் அடங்குவதற்கு இரசாயனக் காரணம் இருக்கிறது: அமிலத்தில் ஜியோஸ்மின் உருமாறி மணமற்றதாகிவிடும். வாங்குகிறவர்களுக்கு அந்தச் செய்முறையைச் சொல்லிக் கொடுங்கள்.

காசுக் கணக்கு இப்படிப் பாருங்கள். இப்போது ஒரு கிலோ திலாப்பியா வளர 1.6 கிலோ தீன் போகிறது, அமிலம் போட்டதும் 1.5 ஆகிறது என்று வைப்போம். தீன் கிலோ 400 ரூபா என்றால், ஒவ்வொரு கிலோ தீனுக்கும் அமிலத்துக்காக 26 ரூபா வரை செலவழித்தால் கைக்குக் கை. அதற்கு மேல் போனால் நட்டம். ஒரு கிலோ மீனுக்குப் போகும் தீனின் அளவு உங்கள் குளத்தில் உண்மையில் குறைகிறதா என்று தெரியாமல் இந்தக் கணக்கும் வெறும் கதைதான். ஒரு குளத்தில் போட்டு, மற்றக் குளத்தோடு ஒப்பிட வேண்டாம். இரண்டு குளம் ஒருபோதும் ஒரே மாதிரி இருக்காது, உங்களுடையதில் மீனே வேறு. திலாப்பியாக் குளத்திலேயே ஆறு ஹப்பா வலைகளை (தண்ணீரில் கட்டும் வலைப் பெட்டிகளை) கட்டி, ஒரே அளவுக் குஞ்சுகளை எண்ணி விட்டு, மூன்றுக்கு அமிலத் தீன், மூன்றுக்கு வெறும் தீன், இரண்டு கிழமைக்கு ஒருமுறை நிறை பாருங்கள். எட்டுக் கிழமை போதும். மூன்றில் ஒன்று மட்டும் நன்றாக வளர்ந்திருந்தால் அதற்கு அமிலம் காரணமில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்யும் ஒழுங்கு: முதலில் தீன் மூட்டையைப் பலகைமேல் ஏற்றி, வீட்டுத் தீனில் புரொப்பியோனேற். அடுத்து கெண்டைத் தீனில் சிற்றிக் 10 கிராம், அதோடு பைற்றேஸ் கிடைத்தால் அதுவும். திலாப்பியாவுக்கு ஹப்பா சோதனை முடியும்வரை ஒன்றும் வாங்கமாட்டேன்.

இதெல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீரின் காரத்தன்மையை அளக்க வேண்டும். மீன் கடைகளில் கிடைக்கும் சின்னச் சோதனைப் பெட்டியே போதும். மீன் செத்தால் அல்லது நோய்க் குறி தெரிந்தால் பத்தரமுல்லையில் இருக்கும் நக்டா (நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகார சபை) அதிகாரிகளிடமோ மட்டக்குளியில் இருக்கும் நாராவிலோ (நீர்வள ஆராய்ச்சி நிறுவனம்) உயிரோடு இருக்கும் ஒரு மீனைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், செத்து நாறியதை அல்ல. காரத்தன்மை 20க்குக் கீழே வந்தால், காலையும் பின்னேரமும் எடுத்த பிஎச் அளவுகளோடு எழுதுங்கள். அந்த இரண்டு குளத்துக்கும் டொலமைட் (ஒரு வகைச் சுண்ணாம்புக் கல் தூள்) எத்தனை மூட்டை என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.